ரெண்டு சீட்டு கார்

டிரைவிங் ஸ்கூலில் படிக்க வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக்கம்மா. பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு பிரேக் என்று இரண்டு இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் கால் வைத்தே அவளுக்குப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. பஸ்ஸில் போகும்போதுகூட யாராவது குறுக்கே ஓடினால் அவள் கால் தன்னால் தரையை அழுத்தும். பக்கத்து சீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

கார் ஓட்டுவது அவளுக்கு உயிர். ஆனால் ஓட்டுவதற்கு வேளை வாய்த்ததே இல்லை. காலையில் ஒருவர் ஓட்ட, பகலில் ஒருவர் ஓட்ட, சாயங்காலம் இன்னொருவர் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் வாசல், மருந்துக்கடை முனை, ரவுண்டானா, தண்ணீர்த்தொட்டி ரோடு, மறுபடியும் ஸ்கூல் வாசல். ஆமை வேகம். மருந்துக்கடைக்காரர் ஒரு நாளில் எத்தனை முறை அவளுக்குத் தலையாட்டினார் என்று அவருக்கே தெரியாது.

ஸ்கூல் அவளுடைய கணவனின் அண்ணனுக்குச் சொந்தம். கணவன் வெளிநாட்டு வேலைக்குப் போனவன். முதலில் வாரம் ஒருமுறை போன் வந்தது, பிறகு மாதம் ஒருமுறை, பிறகு அந்த நம்பரே இல்லாமல் போனது. தம்பி செய்ததற்கு அண்ணன்தான் தலைகுனிந்தார். ஒரு நாள் பயிற்சி வண்டியோடு வந்து நின்று, பாத்திரம் பண்டங்களைத் தானே தூக்கி ஏற்றி, அவளையும் கைக்குழந்தையையும் ஆபீசுக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் குடிவைத்தார். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார், லைசென்ஸ் வாங்கித் தந்தார், வேலையும் தந்தார். இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை.

சங்கடமே அங்கேதான் இருந்தது. மாடிக்கு வேறு வழி கிடையாது. படி ஆபீசுக்குள்தான் இறங்கும், இறங்கினால் அவர் மேஜை. "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்பார். அக்கறையோடுதான் கேட்பார். ஆனால் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. கடைக்குப் போனாலும், சும்மா காற்று வாங்கப் போனாலும் ஒரு காரணம் வேண்டும். சும்மா என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அதனால் வேண்டாத சோப்பு நிறைய வாங்கியிருக்கிறாள். மாடியில் இருந்த ஒரே ஜன்னலும் பயிற்சி வண்டிகள் நிற்கும் முற்றத்தைப் பார்த்தபடிதான் இருந்தது. திறந்தால் புகை, சாத்தினால் புழுக்கம்.

கைக்குழந்தை வளர்ந்து பள்ளியின் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள். பேச்சு குறைந்துபோன வயது. வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு அம்மா துணி மடிப்பாள். என்ன தப்பு செய்தோம் என்று யோசிப்பாள். ஒன்றும் பிடிபடாது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, நாம ஒரு பழைய கார் வாங்கி சரி பண்ணலாமா?"

கார் என்றது அம்மாவின் காதில் விழவே இல்லை. நாம என்றதுதான் விழுந்தது. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

என்ன மாதிரி கார் என்று கேட்டாள். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் சிரிப்பு வந்து, சாப்பாடு புரையேறிவிட்டது. மகள் தண்ணீரை நகர்த்தி வைத்தாளே தவிர சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். வண்டி சின்னதாக, கனமில்லாமல் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின் வேண்டாம், ஸ்பேனரால் கழற்றி மாட்டுகிற இன்ஜின் போதும். பின் சக்கரம் தள்ளுகிற வண்டியாக இருந்தால் நல்லது. உதிரிபாகம் பழைய இரும்புக் கடைகளில் இன்னமும் கிடைக்க வேண்டும். பேர் போன மாடலாக இருக்கக் கூடாது, பேருக்கே தனி விலை வைத்துவிடுவார்கள். கடைசியாக, ரெண்டே சீட்டு இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதைப் பெண்ணின் ஸ்டைல் ஆசை என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை விட்டுத்தரச் சொல்லிக் கேட்டபோது முதலாளியான அத்தானுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"இதுக்கு எதுக்கும்மா அலைச்சல்? நம்ம பழைய வண்டி ஒண்ணு சும்மாதானே நிக்குது. செவப்பு பெயின்ட் அடிச்சுக் குடுத்துடறேன். பொண்ணு ஆசை தீர ஓட்டட்டும்."

மனசார சொன்னார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் படியிறங்கி வந்த மகள், "அதுல ரெண்டு பிரேக் இருக்கு பெரியப்பா" என்று சொல்லிவிட்டு நிற்காமல் வெளியே போனாள். அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, வந்துபோனவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

முதலில் பார்த்தது ஒரு போட்டோ ஸ்டூடியோக்காரரின் வண்டி. கூரையை மடக்கி வைக்கிற சிவப்பு நிறக் கார். அவர் ஓட்டுவதற்கு வாங்கவில்லை, அதன்மேல் ஆட்களைச் சாயவைத்துப் படம் எடுக்க வாங்கினார். வெயிலில் அது நின்ற அழகைப் பார்த்ததுமே அம்மாவுக்கு மனசு போய்விட்டது. மகள் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தம்தான், கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். கதவுக்குக் கீழே அதை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். ஒட்டியது, ஒட்டியது, பிறகு பொத்தென்று கீழே விழுந்தது.

"இங்க இரும்பே இல்லம்மா. வெறும் பட்டி தடவி பெயின்ட் அடிச்சிருக்காங்க."

உள்ளே கால்மிதியைத் தூக்கினாள். தரை தெரிந்தது, காரின் தரை அல்ல, தெருவின் தரை. ஸ்டூடியோக்காரர் கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை. படத்தில் யாரும் கால்மிதியைத் தூக்கிப் பார்த்ததில்லை என்றார்.

இரண்டாவது வண்டி ஒரு ஜிம் பயிற்சியாளருடையது. சின்ன உடம்புக்குள் பெரிய வண்டியின் இன்ஜினைத் திணித்து வைத்திருந்தார். ஸ்டார்ட் செய்தபோது எதிர்வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. அம்மாவை உட்காரவைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். இறங்கியபோது தரையை அழுத்தி அழுத்தி அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. மகள் வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, இதை வாங்கினால் நாம் சரிசெய்ய மாட்டோம், ஆஸ்பத்திரிதான் நம்மைச் சரிசெய்யும் என்றாள். அம்மா ஒப்புக்கொண்டாள். ஆனால் வண்டி சீறிக் கிளம்பியபோது முதுகு சீட்டில் அழுந்திய அந்த நிமிஷத்தில் தனக்குள் என்னவோ அவிழ்ந்ததை அவள் மகளிடம் சொல்லவில்லை. திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலை சாய்த்து அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது வண்டியைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள், வகுப்பு முடிந்து சாவியைக் கொடுக்கப் போனவளை முதலாளி உட்காரச் சொன்னார். பெண்ணுக்குப் பரீட்சை முடிந்ததும் ஆபீசில் உட்காரட்டும், புக்கிங் எல்லாம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். தனக்கும் வயதாகிறது, பிள்ளை குட்டி இல்லை, இருப்பதெல்லாம் அவளுக்குத்தானே என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

"சரி அத்தான்" என்றாள் அவள்.

யோசிப்பதற்குள் வார்த்தை வாயிலிருந்து போய்விட்டது. மாடி ஏறி வந்து மகளின் அறைக்கதவின் முன் நின்றாள். தட்டக் கையை உயர்த்தினாள். பிறகு தண்ணீர் குடிக்கப் போவதுபோல் திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் போனது ஓய்வுபெற்ற ஒரு பல் டாக்டரின் வீட்டுக்கு. தெருவிலிருந்து சரிவாக இறங்கி வீட்டுக்கு அடியில் போய் முடிகிற கராஜ். வண்டியளவு அகலம், அதற்கு மேல் ஒரு முழம்கூடக் கிடையாது. காரை அன்று காலையில் நாலு பேரைக் கூப்பிட்டு மேலே தள்ளி, கராஜ் வாசலில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்திருந்தார். மங்கிய பச்சை நிறம். ஒரு ஹெட்லைட்டைக் காணோம். ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு. ஆசைப்பட்டு வாங்கினாராம், ஆனால் அவர் மனைவி ஒருமுறைதான் ஏறினார். உட்கார்ந்தால் எழுந்திருக்க கிரேன் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

மகள் காந்தத்தை வைத்தாள். சுற்றிலும் ஒட்டியது. எங்கேயும் விழவில்லை. இன்ஜினைக் கையால் திருப்பிப் பார்த்தாள், இறுகிப்போகாமல் சுற்றியது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அம்மா கவனித்தாள். டாக்டர் வண்டியின் பேப்பர்களை எடுத்துவர வீட்டுக்குள் போனார். இருவரும் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். மகள் ஸ்டியரிங் பக்கம் உட்கார, அம்மா பழக்கதோஷத்தில் பக்கத்து சீட்டுக்குப் போனாள்.

மகள் ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தி மறுபடி இழுத்தாள். அது தொளதொளவென்று கையோடு வந்தது. பின்னால் செங்கல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. வண்டி மெல்லப் பின்னோக்கி நகர ஆரம்பித்தது.

அம்மாவின் கால் ஓங்கி மிதித்தது. அங்கே பெடல் இல்லை. மகள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தாள், அது பஞ்சில் அமுங்குவதுபோல் அடிவரை போய்விட்டது. தெருவின் வெளிச்சம் முன்கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போனது. இரண்டு பக்கமும் சுவர் வந்து நெருங்கியது. அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் மெத்தென்று மோதி வண்டி நின்றது.

அடி ஒன்றும் படவில்லை. ஆனால் கதவைத் திறந்தால் ஒரு கை நுழைகிற அளவு திறந்து சுவரில் இடித்தது. அந்தப் பக்கமும் அப்படித்தான். கண்ணாடி இறக்கும் கைப்பிடி சும்மா சுற்றியது, கண்ணாடி அசையவில்லை. போனில் சிக்னல் இல்லை. டாக்டர் பேப்பர்களோடு வந்து, வண்டி இருந்த இடத்தைப் பார்த்து அரண்டுபோய், சரிவில் பக்கவாட்டாக இறங்கி வந்தார். காலையில் தள்ளியவர்கள் யாரும் இப்போது இல்லை என்றும், முனையில் இருக்கும் டயர் கடையில் போய் ஆள் கூட்டி வருவதாகவும், பயப்பட வேண்டாம் என்றும் கதவிடுக்கு வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மகளும் சிரித்தாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து ஓய்ந்த பிறகு கராஜ் அமைதியானது. எண்ணெய் வாசனை, பழைய ரப்பர் வாசனை. தோளும் தோளும் உரசும் நெருக்கம். இவ்வளவு பக்கத்தில் மகள் உட்கார்ந்து எத்தனை காலம் ஆகிறது என்று அம்மாவுக்குத் தோன்றியது. இப்போது விட்டால் பிறகு சொல்லவே மாட்டோம் என்றும் தோன்றியது.

"பெரியப்பா நேத்து கேட்டாரு. பரீட்சை முடிஞ்சதும் நீ ஆபீஸ்ல உட்காரணுமாம். நான் சரின்னு சொல்லிட்டேன்."

மகளின் கை கதவுக்குப் போனது. வீடாக இருந்தால் இந்நேரம் உள்ளறைக் கதவு சாத்தப்பட்டிருக்கும். கார்க்கதவு ஒரு கை அளவு திறந்து சுவரில் இடித்து நின்றது. இழுத்து மறுபடியும் தள்ளினாள். மறுபடியும் இடித்தது. போக இடமில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"என்னைக் கேட்டியா?"

"இல்ல."

"உன்னை அவர் கேட்டாரா?"

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "கேட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

பிறகு மகள் சுவரைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். ரெண்டு சீட்டு ஏன் கேட்டேன் தெரியுமா, அதில் மூன்றாவது ஆள் ஏற முடியாது, அதனால்தான் என்றாள். படி இறங்கினால் அவர், ஏறினால் அவர். புது பேனா வாங்கினாலும் அவரிடம் காட்ட வேண்டும், அவர் சந்தோஷப்பட வேண்டும்.

"அவர் கெட்டவரா இருந்தா சண்டை போட்டிருப்பேன்மா. நல்லவரா இருக்காரு. கோபப்படவே முடியல. ரூம் கதவைச் சாத்தினா, அந்த ஒரு இடத்துலதான் யாருக்கும் நன்றி சொல்லாம இருக்க முடியுது."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கதவு தன்மேல் சாத்தப்பட்டது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். தான் சோப்பு வாங்கப் போன கதையை மகளிடம் சொன்னாள். கட்டிலுக்கு அடியில் சேர்ந்து கிடக்கும் சோப்புகளைத் தானும் பார்த்திருப்பதாகவும், யாருக்கோ விற்கிறாய் என்று நினைத்ததாகவும் மகள் சொன்னாள். அவள் முகம் இன்னும் சுவர்ப்பக்கம்தான் இருந்தது, ஆனால் தோள் தளர்ந்து அம்மாவின் தோளில் பட்டது.

நீ என்ன படிக்க ஆசைப்படுகிறாய் என்று அம்மா கேட்டாள். முதல்முறையாகக் கேட்கிறோம் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. ஆட்டோமொபைல் டிப்ளமோ என்றாள் மகள். வேற ஊர்ல இருக்கு என்பதைத் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள். மகள் போய்விட்டால் அந்த மாடியில் தான் மட்டும்தான். அதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டாள்.

டாக்டர் ஆட்களோடும் கயிற்றோடும் வந்தார். முன்பக்கக் கொக்கியில் கயிறு கட்டி, மூச்சுப் பிடித்து இழுத்து, வண்டியை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா இறங்கி முழங்காலை நீவிக்கொண்டு, இதையே எடுத்துக்கொள்கிறோம் என்றாள். டாக்டருக்கே நம்ப முடியவில்லை, பிரேக் பிடிக்காத வண்டியைக் காட்டியதற்குத் திட்டு வாங்கப்போகிறோம் என்று நினைத்திருந்தார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். வேலை முடியற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கலாமா? எங்ககிட்ட இடம் இல்ல."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஸ்கூல் முற்றத்தில் தாராளமாக இடம் இருந்தது. டாக்டர் மனைவியிடம் கேட்டுவிட்டு வந்தார். நிற்கலாம், ஆனால் மத்தியானத் தூக்கத்தில் சுத்தியல் சத்தம் கேட்டால் இரண்டு பேரையும் டயர்களுக்குப் பின்னால் அடைத்துவிடுவேன் என்று உத்தரவாகியிருந்தது.

அன்று சாயங்காலமே அவள் முதலாளியிடம் போய் நின்றாள். அவர் வண்டிச் சாவிகளை ஆணிகளில் மாட்டிக்கொண்டிருந்தார். நேற்று சரி என்று சொன்னது தப்பு, பெண் ஆபீசில் உட்கார மாட்டாள், வெளியூரில் படிக்கப் போகிறாள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தினால் திரும்பிவிடுவோம் என்று பயம்.

அவர் மீதிச் சாவிகளையும் மாட்டி முடித்தார்.

"நான் ஏதாவது குறை வெச்சேனாம்மா?"

இத்தனை வருடமாக அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான்.

"இல்ல அத்தான். ஒரு குறையும் இல்ல. அதனாலதான் இத்தனை நாள் சொல்ல முடியல."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஒன்றும் திட்டவில்லை. சம்பளத்தைக் குறைக்கவில்லை, வகுப்புகளை மாற்றவில்லை. மறுநாளிலிருந்து எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். அது பெரிய நிம்மதியாக இருக்கும் என்று அவள் எப்போதோ கற்பனை செய்திருக்கிறாள். நடந்தபோது அப்படி இல்லை. குனிந்த தலையோடு ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் அவரைத் தாண்டி வாசலுக்குப் போவது, பதில் சொல்லிவிட்டுப் போவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சில நாள் அவளாகவே நின்று, கடைக்குப் போய்ட்டு வரேன் அத்தான் என்பாள். தலையை மட்டும் ஆட்டுவார்.

வேலை ஞாயிறுதோறும் நடந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக்தான் என்று மகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். துருப்பிடித்த போல்ட்டுகள் கழலாமல் அடம்பிடித்தன. இரண்டு முறை தப்பான பாகத்தை வாங்கி வந்தார்கள். ஒரு முறை எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு ஒரு நட்டு மீந்துபோய், அது எங்கே போகவேண்டியது என்று தேடி மறுபடி கழற்றினார்கள். பயிற்சிக்கு வந்தவர்கள் பிரேக்கம்மாவின் நகங்களில் கருப்பேறியிருப்பதைப் பார்த்து விசாரித்தார்கள். மகள் அங்கே நிறையப் பேசினாள். வண்டிக்குக் கீழே படுத்தபடி, முகம் தெரியாமல், பள்ளியைப் பற்றி, தோழிகளைப் பற்றி, அப்பாவைப் பற்றிக்கூட ஒரு முறை பேசினாள்.

வண்டி ஓடத் தயாராவதற்கு முன்பே மகளுக்கு இடம் கிடைத்து, வேறு ஊருக்குப் போய்விட்டாள். ரயிலடிக்குப் பெரியப்பாவும் வந்தார். ஒரு புது டூல் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் திரும்பி நடந்தார். மகள் அழுதாள். அவர் வராமலே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அம்மாவின் தோளில் முகம் வைத்துச் சொன்னாள்.

மீதி வேலையை அம்மா தனியாக முடித்தாள். கண்ணாடிக் கைப்பிடி, காணாமல்போன ஹெட்லைட், ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்த இன்ஜின். சந்தேகம் வந்தால் மகளுக்குப் போன் செய்து இன்ஜின் பக்கத்தில் போனைப் பிடிப்பாள். சத்தத்தைக் கேட்டு மகள் சொல்லுவாள். மகள் விடுமுறைக்கு வந்தபோது இருவரும் முதல்முறை தெருவில் ஓட்டிப் பார்த்தார்கள். டாக்டரின் மனைவி பால்கனியில் நின்று கைதட்டினார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஊரைவிட்டு வெளியே போகும் பெரிய ரோட்டில் வண்டியை விட்டாள். முதுகு சீட்டில் அழுந்தியது. காற்று இரைந்தது. லாரிகளைத் தாண்டினாள். வெகுதூரம் போய் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினாள். பெட்ரோல் போட்ட பெண் வண்டியைத் தொட்டுப் பார்த்து, எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். இவள் முன்னால் நீண்டு கிடந்த ரோட்டைப் பார்த்தாள். அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் ஒரு புது ஆளுக்கு முதல் வகுப்பு இருந்தது. திரும்பித்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டு, வண்டியை வந்த வழியே திருப்பினாள்.

இப்போதும் அந்த மாடியில்தான் இருக்கிறாள். வேறு வீடு பார்த்தாயா என்று மகள் போனில் கேட்கிறாள். பார்க்காமல் இல்லை. ஒரு அச்சகத்துக்கு மேலே ஓர் அறை பார்த்தாள், வீட்டுக்காரர் ஆம்பிளை யாராவது இருந்தால் வந்து பேசச் சொன்னார். அத்தானைக் கூட்டிவந்தால் உடனே கிடைத்துவிடும். அவள் படியிறங்கி வந்துவிட்டாள். ரவுண்டானாவைத் தாண்டி இன்னொரு வீடு காலியாகிறதாம். பின்பக்கமாகத் தனிப் படி இருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். புதன்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.